விதியும் வழக்கும்: கிரேக்கத் துன்பியல் நாடகமும் கோணமலை முன்னறிவிப்பும்

1. பிரச்சினை

கிரேக்கத் துன்பியல் நாடகங்களை ‘விதியின் நாடகங்கள்’ எனக் குறிப்பிடுவது நீண்டகாலமாக நிலவிவரும் வழக்கமாகும். தெய்வங்கள் முன்னரே தீர்மானித்துவிட்டதைத் தவிர்க்க இயலாது மனிதர் அழிகின்றனர் என்பதே அந்நாடகங்களின் சாரம் எனப் பாடநூல்கள் பலவும் கூறும். இதற்கு மறுதலையாக, தலைவனிடத்துள்ள குணக்குறையே அவனது வீழ்ச்சிக்குக் காரணம் என வாதிடுவோரும் உளர். முதற் சாரார் மனிதனைப் பொம்மையாக்குகின்றனர். மற்றைச் சாரார், சமூகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தனிமனிதன்மீது முழுப் பாரத்தையும் சுமத்துகின்றனர். சோபோக்கிளீஸின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ பற்றிய இவ்விரு கருத்துகளும் தவறானவை என்பதை ஈ. ஆர். டொட்ஸ் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஆயினும், விதி என்ற கருத்து எத்தகைய சமூகத்தில், எத்தேவையின் பொருட்டு, யாருடைய நலனுக்காகப் பேசப்படுகிறது என்னும் வினா இன்னும் ஆராய்தற்குரியதாகவே உள்ளது.

இவ்வினாவை எழுப்புதற்கு நமக்கு வேறொரு காரணமும் உண்டு. திருகோணமலைப் பிறெட்றிக் கோட்டையின் வாயிலிலே, இரட்டைக் கயற் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் பொறித்த கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்திற் பறங்கியர் பிரிப்பர் என்று கூறும் வெண்பாவொன்றின் எச்சமாக அவ்வெழுத்துகள் கொள்ளப்படுகின்றன. அவ்வெண்பாவை அறியாதார் இப்பகுதியில் மிகச் சிலரே. துறைமுகத்தின் உட்புறத்தே, கண்டி வீதியை அடுத்துள்ள கப்பல்துறையில் நாம் உரையாடிய முதியவர் ஒருவர் அதனை முழுவதும் சொல்லிக் காட்டினார். பின்னர், தமது வீடு எரிந்ததையும் ஊரைவிட்டுச் சென்றதையும் அதனோடு சேர்த்து, “எழுதினபடிதான் எல்லாம் நடந்தது, தம்பி” என்று முடித்தார். கோயில் இடிந்ததும் வீடு எரிந்ததும் ஒரே எழுத்தின் நிறைவேற்றமாக அவருக்குத் தோன்றின. இக்கூற்றின் பொருள் யாது, அதனை ஏற்பதா மறுப்பதா என்பதற்குக் கிரேக்க நாடகாசிரியர்கள் நமக்கு ஏதேனும் கற்பிக்கக்கூடும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

2. பங்கு விதியாதல்

கிரேக்க மொழியில் விதியைக் குறிக்கும் சொற்களுள் முதன்மையானது ‘மொய்ரா’ என்பது. அதன் அடிப்படைப் பொருள் பங்கு அல்லது பகுதி என்பதாகும். வேட்டையிறைச்சியிலும் போர்க்கொள்ளையிலும் நிலத்திலும் ஒருவனுக்கு உரிய பங்கே மொய்ரா எனப்பட்டது. ஜோர்ஜ் தொம்சன் 1941ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்’ என்னும் நூலில் இச்சொல்லின் வரலாற்றை இனக்குழுச் சமூகத்தின் பங்கீட்டு முறையோடு இணைத்து விளக்கினார். பங்கீடு கூட்டத்தார் கையில் இருந்தவரை மொய்ரா உரிமையைக் குறித்தது. தனியுடைமை தோன்றி, சிலருக்குப் பெரும்பங்கும் பலருக்கு வெறுங்கையும் வாய்த்தபோது, அதே சொல் மாற்றவியலாத விதியைக் குறிக்கலாயிற்று. தொம்சன் வரைந்த இனக்குழு வரலாற்றுச் சித்திரத்தின் பல கூறுகள் பின்வந்தோரால் மறுக்கப்பட்டுள்ளன. எனினும், விதி என்னும் கருத்தின் அடியிலே பங்கீடு என்னும் சமூகச் செயல் மறைந்துள்ளது என்ற அவரது அடிப்படைக் கூற்று இன்றும் பயனுடையதாகவே உள்ளது.

தொம்சனிடம் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஆவர். முன்னவரின் ஆய்வு தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றியதாக 1968இலும், பின்னவரின் ஆய்வு பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைப் பற்றியதாக 1981இலும் நூல்களாக வெளிவந்தன. கிரேக்க இலக்கிய ஆய்வு நமது இலக்கிய ஆய்வுக்குத் துணையாகும் வழியை இவ்விருவரும் காட்டினர். அவ்வழியே நோக்குமிடத்து, தமிழில் விதியைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ‘பால்’ என்பது நமது கவனத்தை ஈர்க்கின்றது. பகுப்பு, பகுதி, பங்கு என்னும் பொருள்களையுடைய இச்சொல்லே ஊழையும் குறித்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ‘பால்வரை தெய்வம்’ என்றொரு தொடரை ஆள்கின்றது. பங்கை வரையறுக்கும் தெய்வமே விதித்தெய்வம் என்பது அத்தொடரிலே பொதிந்துள்ளது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகளில் பங்கும் விதியும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டமை தற்செயலென ஒதுக்கத்தக்கதன்று.

கோணேசர் கோயிலைப் பற்றிய ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் நூலையும் இவ்விடத்திலே கருதுதல் வேண்டும். கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் இந்நூல், பெயரளவிற் கல்வெட்டாயினும் உண்மையில் ஏட்டிலக்கியமே. குளக்கோட்டன் வெளியிலிருந்து குடிகளைக் கொணர்ந்து, தானத்தார், வரிப்பத்தார் என வகுத்து, அவரவர்க்குரிய நிலத்தையும் கோயிற் பணியையும் வரையறுத்தான் என்பது அதன் மையப்பொருள். இன்னார்க்கு இன்ன பணி, இன்ன வருமானம், இன்ன வரிசை என அது பங்கிடுகின்றது. மன்னன் ஒருவன் செய்ததாகக் கூறப்படும் பங்கீடு தலைமுறைகள் கழிந்தபின், பிறப்போடு வந்த கடனாகின்றது. மனிதர் செய்தது மனிதர்க்கு மேற்பட்டதாகத் தோன்றும் இம்மாற்றமே விதிக் கருத்தின் பிறப்பிடம் எனலாம்.

3. முன்னறிவிப்பும் பொருள்கோளும்

பங்கு விதியாகின்றது, விதியை அறிவிக்கும் வாய் தெய்வவாக்காகின்றது. கிரேக்க உலகின் தெய்வவாக்குகளுள் டெல்பியில் அப்பொல்லோவின் பெயரால் வழங்கப்பட்டவை மிகப் புகழ்பெற்றன. அவ்வாக்குகளைக் கிரேக்கர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு ஹெரொடோட்டஸ் தரும் சான்றொன்று குறிப்பிடத்தக்கது. பாரசீகப் பெரும்படை அணுகியபோது ஏதென்ஸ் நகரத்தார் டெல்பிக்குத் தூதனுப்பினர். மரச்சுவர் ஒன்றே அழியாது நிற்கும் என்பது அவர்கள் பெற்ற வாக்கின் ஒரு கூறு. நகரத்தின் உச்சிக் குன்றான அக்ரோபொலிஸை முன்னொரு காலத்திற் சூழ்ந்திருந்த முள்வேலியே மரச்சுவர் என்றனர் முதியோர் சிலர். மரச்சுவர் என்பது கப்பல்களே என வாதிட்டான் தெமிஸ்தொக்கிளீஸ். மக்களவை பின்னவனின் பொருளையே ஏற்றது. கி.மு. 480இல் சலாமிஸ் நீரிணையில் பாரசீகக் கடற்படை முறியடிக்கப்பட்டது. முன்னதை நம்பிப் பலகைகளால் அரண்செய்து குன்றில் நின்றோர் மாண்டனர்.

இங்கு வென்றது வாக்கா, மக்களவையா? வாக்கு ஒன்றே, அதற்குக் கொள்ளப்பட்ட பொருள் இரண்டு. மேலும், அப்பொருளைத் தேர்தற்கு வேண்டிய கப்பல்கள் முன்னரே கட்டப்பட்டிருந்தன. லௌரியன் சுரங்கத்திற் கிடைத்த வெள்ளியைக் குடிமக்கள் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளாது கப்பல் கட்டுவதற்குச் செலவிட வேண்டும் என்று அதே தெமிஸ்தொக்கிளீஸ் சில ஆண்டுகளுக்கு முன் வற்புறுத்தியிருந்தான். அவ்வெள்ளியை அகழ்ந்தோர் அடிமைகள். ஆகவே தெய்வவாக்கின் ‘நிறைவேற்றத்துக்கு’ அடியில், சுரங்க அடிமைகளின் உழைப்பும் பங்கீடு பற்றிய அரசியல் முடிவொன்றும் கிடந்தன.

அப்போர் முடிந்து எட்டாண்டுகளுள், கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். அதில் மாண்ட மன்னன் தாரியஸின் ஆவி தோன்றிப் பேசுகின்றது. அழிவு பற்றிய வாக்குகள் என்றோ ஒருநாள் நிறைவேறும் என்றே தான் எண்ணியிருந்ததாகவும், மனிதன் தானே விரைந்தோடும்போது தெய்வமும் அவனோடு சேர்ந்து விரைகின்றது என்றும் அது கூறுகின்றது. விதி, மனிதச் செயல் என்னும் இரண்டினையும் ஈஸ்கிலஸ் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்தவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே நிகழ்ச்சிக்கு இரு காரணங்களும் ஒருங்கே உரியன. தெய்வத்தின் பங்கைக் கூறுவதால் செர்க்ஸஸின் பொறுப்பு ஓரணுவும் குறைவதில்லை.

4. கோணமலை வெண்பா

இத்தெளிவோடு நமது வெண்பாவுக்கு வருவோம். கோட்டைக் கற்களில் எஞ்சியுள்ள எழுத்துகளைப் பொருத்திப் படித்தோர், அதன் முற்பகுதி பறங்கியர் கோயிலைப் பிரிப்பதையும், பிற்பகுதி பின்வரும் மன்னர் அதனைப் பேண எண்ணார் என்பதையும் கூறுவதாகக் கொள்வர். மக்கள் நாவில் வழங்கும் பாடத்தின் பிற்பகுதி இதனின் வேறானது. கண்களின் நிறத்தாற் சுட்டப்படும் அந்நியர் சிலர் அடுத்தடுத்து ஆள்வர் என்றும், ஈற்றில் நாடு வேறொருவர் கையில் வீழும் என்றும் அது கூறும். அந்நியர் இன்னார் இன்னார் எனப் பொருள்கொள்வதிலும் கருத்தொற்றுமை இல்லை. வாய்மொழிப் பாடம் ஆட்சி மாறுந்தோறும் புதுப்பொருள் பெற்று வந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இவ்வேறுபாடே சான்றாகும். ஒல்லாந்தர் 1639இற் கோட்டையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் அதே ஆண்டு ஓகஸ்டிற் பிரெஞ்சுக்காரரும் அதனைப் பிடித்தனர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்ற கோட்டை 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை கைமாற்றங்களைக் கண்ட மக்கள், நடந்து முடிந்தவற்றை எதிர்காலமாக மாற்றிச் சொல்லிய செய்யுளாக அதனைக் கொள்ளலாம்.

முற்பகுதி மட்டும் நிகழ்ச்சிக்கு முந்தியது எனக் கொண்டாலும், அதனைக் கூறுதற்குத் தெய்வவாக்கு வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் 1560இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தனர். 1619இல் அவ்வரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். இவற்றை அறிந்த எவரும் கோணேசர் கோயிலுக்கு நேரவிருப்பதை ஊகித்திருக்கலாம்.

அவ்வூகத்தை உறுதியாக்கிய சூழ்நிலையும் மறைபொருளன்று. வங்காள விரிகுடாவில் இருபருவக் காற்றுகளுக்கும் கப்பல்கள் ஒதுங்கத்தக்க ஆழ்துறைமுகம் திருகோணமலை. 1620இல் ஒவ் கெட் என்பானின் தலைமையில் வந்த டேனிஷ் கப்பற்படை கண்டி மன்னன் செனரத்தோடு உடன்படிக்கை செய்து இங்கு கோட்டை அமைக்க முற்பட்டது. அம்முயற்சி கைகூடாது போகவே அவர்கள் தரங்கம்பாடியில் நிலைகொண்டனர். போட்டி வணிகர் எவரேனும் துறைமுகத்தைப் பிடித்துவிடுவர் என்ற அச்சமே போர்த்துக்கேயரைத் துரிதப்படுத்தியது. கொன்ஸ்தாந்தினோ த சா என்னும் தளபதியின் ஆணைப்படி, 1620களின் முற்பகுதியிற் கோயில் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டை கட்டுதற்குப் பயன்படுத்தப்பட்டன. வணிக முதலின் போட்டியும் துறைமுகத்தின் இயற்கையமைப்பும் கோட்டையொன்றைத் தேவையாக்கின என்பது உண்மை. ஆனால், வழிபாட்டிடத்தைப் பிரித்து அக்கல்லாலேயே கட்ட வேண்டும் என்பது தேவையன்று. அது ஒருவர் இட்ட ஆணை. தேவைக்கும் ஆணைக்கும் இடைப்பட்ட இவ்வெளியிலேதான் பொறுப்பு என்பது பிறக்கின்றது. வெண்பாவோ அவ்வெளியை மூடிவிடுகின்றது. பறங்கியன் அங்கு ஆணையிட்டவனல்லன். முன்பே எழுதப்பட்டதை நிறைவேற்றியவன்.

இன்னொன்றும் கருதத்தக்கது. பின்வருவோர் கோயிலைப் பேண எண்ணார் என்ற முன்னறிவிப்புப் பொய்த்தது. மண்ணுட் புதைந்திருந்த திருவுருவங்கள் 1950இற் கிணறு வெட்டுகையில் வெளிப்பட்டன; மக்கள் முயற்சியாற் கோயில் மீள எழுந்து, 1963இற் குடமுழுக்குக் கண்டது. பலித்ததாகத் தோன்றும் பகுதியையே நாவு காத்துவைத்தது. பொய்த்த பகுதி கல்லிலே சிதைந்து கிடக்கின்றது. விதியின் பெருமை இத்தகைய தேர்ந்தெடுத்த நினைவினாலேயே நிலைபெறுகின்றது. எனினும் இவ்வெண்பாவை வெறும் மயக்கமென ஒதுக்குதலும் தவறாகும். ஆளும் வரலாறு எழுதாதுவிட்டதை இது நினைவில் வைத்தது. குளக்கோட்டன் கட்டினான், பறங்கி பிரித்தான் என்று செய்தவர் பெயரைச் சொன்னது. விதியின் உடையிலே ஒரு முறைப்பாடு இதனுள் இருக்கின்றது.

5. ஈடிப்பஸ்: நிறைவேற்றமும் விசாரணையும்

இவ்வேறுபாட்டைத் துலக்கமாகக் காண்பதற்கு ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகமே சிறந்தது. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற வாக்கு, நாடகம் தொடங்கும்போதே நிறைவேறி முடிந்துவிட்டது. கொலை நிகழ்ந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன; மக்களும் பிறந்துவிட்டனர். மேடையில் நாம் காண்பது விதியின் செயற்பாட்டையன்று. ஒரு கொலை வழக்கின் விசாரணையையே. மன்னன் குற்றவாளியைத் தேடுகின்றான், சான்றுகளை அழைக்கின்றான், கூற்றுகளை ஒப்பிடுகின்றான். தெரெசியஸ், யொக்காஸ்தா, முதிய இடையன் எனப் பலரும் நிறுத்தும்படி வேண்டியும் அவன் நிறுத்தவில்லை. கொலையாளியைக் கண்டுபிடிக்கும்படி டெல்பி கூறிற்று என்பது உண்மையே. ஆனால் உண்மை தன்னையே அழிக்கும் எனத் தெரிந்த கணத்திலும் கேட்டே தீரவேண்டும் என்று எவ்வாக்கும் அவனைக் கட்டளையிடவில்லை. துன்பங்களைக் கொணர்ந்தவன் அப்பொல்லோ, கண்களைக் குத்திய கையோ தனது கையே என்று அவன் ஈற்றிற் கூறும் பகுதி, இரு காரணங்களையும் பிரித்தும் இணைத்தும் காட்டுகின்றது.

இவ்விசாரணையின் வர்க்கத் தன்மையும் கவனிக்கற்பாலது. அரச குடும்பத்தின் இரகசியம் இரண்டு இடையர்களின் கையில் உள்ளது. அவருள் ஒருவன் லாயஸின் அரண்மனையிலே வளர்ந்த அடிமை. குழந்தையைக் கொல்லும்படி பெற்ற ஆணையை அவன் இரக்கத்தால் மீறினான். அவ்விரக்கமே பின்னர் எல்லாத் துன்பத்துக்கும் வழியாயிற்று என்று விதிவாதிகள் கூறுவர். ஆனால், கொலையாணை பிறப்பித்தவர் பெற்றோரே என்பதும், அதனை மறுத்த ஒரே மனிதன் அடிமையே என்பதும் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. உண்மையைச் சொல்ல வைப்பதற்காக அம்முதியவனின் கைகள் பின்னே முறுக்கப்படுகின்றன. அடிமையின் சாட்சியம் வதையின்கீழ்ப் பெறப்படுவதே ஏதென்ஸின் சட்டவழக்கமாகவும் இருந்தது. நாடகத்தின் வழக்குமன்றம் சமூகத்தின் வழக்குமன்றமே.

6. சாபம், வழக்கு, குளிர்த்தி

துன்பியல் நாடகம் வளர்ந்த காலமும் ஏதென்ஸின் மக்கள் நீதிமன்றங்கள் வளர்ந்த காலமும் ஒன்றே. நாடகம் கண்ட குடிமக்களே அம்மன்றங்களில் நடுவராகவும் அமர்ந்தனர். நாடகங்களிற் சட்டச் சொற்கள் நிறைந்திருப்பதை ழான்-பியேர் வெர்னான் 1972இல் பியேர் விடால்-நாக்கேயுடன் இணைந்து வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார். பழைய புராணத்தின் சாபமும் புதிய நகரத்தின் சட்டமும் மோதும் இடைவெளியே துன்பியலின் களம்.

கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘ஒரெஸ்தியா’ இதனை முழுமையாகக் காட்டுகின்றது. அவ்லிஸ் துறையில் கப்பற்படை எதிர்க்காற்றால் தடைப்பட்டு நிற்க, அகமெம்னன் தன் மகளைப் பலியிடுகின்றான். தேவையின் நுகத்தை அவனே தன் கழுத்திற் பூட்டிக்கொண்டான் எனக் கோரஸ் கூறும். அப்பலிக்காக மனைவி கணவனைக் கொல்கின்றாள். அக்கொலைக்காக மகன் தாயைக் கொல்கின்றான். முன்தலைமுறையிற் கொல்லப்பட்ட தியெஸ்தஸின் குழந்தைகளும் அவ்வீட்டின் நினைவில் உளர். சாபம் என்று பெயர் பெறுவது, உண்மையில், ஒருபோதும் விசாரிக்கப்படாத கொலைகளின் தொடரே. மூன்றாம் நாடகத்தில் அரெயொபாகஸ் மன்றில் வழக்கு நடக்கின்றது. அம்மன்றின் அதிகாரம் எஃபியால்தீஸின் சீர்திருத்தத்தால் கொலைவழக்குகளுக்கென ஒடுக்கப்பட்டுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. வாக்குகள் சமமாக, அதீனாவின் வாக்கினால் ஒரெஸ்தஸ் விடுதலை பெறுகின்றான்.

இதனை முழு வெற்றியெனக் கொள்ளுதல் பொருந்தாது. தாய் உண்மையான பெற்றோரல்லள் என்ற அப்பொல்லோவின் வாதம் அம்மன்றில் மறுக்கப்படாது நிற்கின்றது. தாயுரிமையின் வீழ்ச்சியை இந்நாடகத்திற் கண்ட பாஹோபனின் கருத்தை ஏங்கல்ஸ் 1891இல் விதந்து குறிப்பிட்டார். கொல்லப்பட்ட பெண்ணின் குறை அங்கே தீர்க்கப்படவில்லை. பெண்களும் அடிமைகளும் அம்மன்றில் வாக்களிக்கவுமில்லை. வழக்கு விதியினும் மேலானது. ஆனால் வழக்குமன்றமும் வர்க்கச் சமூகத்தினதே.

நமது சிலப்பதிகாரத்தையும் இவ்வாறே நோக்கலாம். ஊழ்வினை தொடர்ந்து வந்து பயன் கொடுக்கும் என்பது நூலின் பதிகம் கூறும் பொருள்களுள் ஒன்று. ஆயினும் கதை நடக்கும் ஒழுங்கை நோக்குக. முதலிற் கண்ணகி அரசவையில் வழக்குரைக்கின்றாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகின்றாள். பாண்டியன் தானே கள்வன் என ஏற்று உயிர் துறக்கின்றான். இவையெல்லாம் நிகழ்ந்த பின்னரே மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதையைச் சொல்கின்றது. அக்கதை யாது? முற்பிறப்பிற் கோவலன் பரதன் என்னும் பெயருடன் அரசபணியில் இருந்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொலைசெய்வித்தான். சங்கமனின் மனைவி நீலி தெருத்தெருவாய் முறையிட்டும் நீதி கிடையாது, சாபமிட்டு மாண்டாள். ஆக, ஊழ் என இங்கு சொல்லப்படுவதும் கேட்கப்படாத இன்னொரு வழக்கே. ஒரெஸ்தியாவின் சாபமும் சிலம்பின் ஊழும் இவ்விடத்திற் சந்திக்கின்றன. விதியாவது விசாரிக்கப்படாது விடப்பட்ட பழைய வழக்கு என்று நாம் வரையறுக்கத் துணியலாம்.

கிழக்கிலங்கை மக்கள் இதனை ஆய்வாளரினும் முன்னரே உணர்ந்திருந்தனர் எனத் தோன்றுகின்றது. கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கண்ணகி வழக்குரை’. கண்ணகி ஊழ் என்றோ கண்ணகி விதி என்றோ அவர்கள் பெயரிடவில்லை. வழக்குரை படித்த பின்னரே, சினந்த தெய்வத்தைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நிகழும். ஈஸ்கிலஸின் நாடகத்திலும் வழக்கு முடிந்த பின்னரே சினந்தெழுந்த எரினிகள் அமைதிப்படுத்தப்பட்டு நகரத்தில் இடம் பெறுகின்றனர். இரு சமூகங்களும் கடைப்பிடித்த ஒழுங்கு ஒன்றே: முதலில் வழக்கு, பின்னர் குளிர்த்தி.

7. முடிவுரை

இம்முடிவு நமது அணியினருக்கும் ஓர் எச்சரிக்கையாகும். தெய்வத்தின் இடத்திற் பொருளாதாரத்தை வைத்து, வரலாற்றின் முடிவு முன்னரே நிச்சயமாகிவிட்டது எனக் கூறிய முற்போக்காளர் பலர். அவர்கள் டெல்பியை இடித்து அக்கல்லால் இன்னொரு டெல்பியைக் கட்டினர். மனிதர் தமது வரலாற்றைத் தாமே ஆக்குகின்றனர், ஆயினும் தாம் தேர்ந்த சூழ்நிலையில் அன்று என மார்க்ஸ் 1852இற் கூறியதன் இருபாதிகளையும் ஒருங்கே கொள்ளுதல் வேண்டும். பொருளாதாரம் ஒன்றே தீர்மானிக்கும் காரணி எனத் தாமும் மார்க்ஸும் கூறியதில்லை என்று ஏங்கல்ஸ் 1890இல் ஜோசப் புளொக்குக்கு எழுதிய கடிதத்தில் வற்புறுத்தியதையும் மறத்தலாகாது. தேவையை அறிதல் செய்தவனை விடுவித்தற்கு அன்று. வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டற்கே.

இக்கேள்வி திருகோணமலையில் இன்றும் உயிருள்ளது. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் இந்நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் தொண்டுநிறுவனப் பணியாளர் பதினெழுவர் கொல்லப்பட்டனர். மாணவர் கொலை வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பதின்மூவரும் 2019 ஜூலையிற் போதிய சான்றில்லை எனத் திருகோணமலை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். மூதூர்க் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மறந்து இணங்கி வாழ்க என்ற அறிவுரை இம்மக்களுக்குக் குறைவின்றி வழங்கப்படுகின்றது. அது வழக்குரை படியாது குளிர்த்தி பாடுக என்பதற்கு ஒப்பாகும். வழக்குகள் மூடப்படும் இடத்திலே விதி என்ற சொல் வந்து அமர்ந்துகொள்கின்றது.

தொடக்கத்திற் குறிப்பிட்ட கப்பல்துறை முதியவரிடம், வீடு எரிந்த நாளைப் பற்றி மீண்டும் கேட்டோம். எழுதினபடி நடந்தது என்று சொன்ன அவரே, மாதத்தையும் நாளையும் சொன்னார். வந்தோர் எவ்வழியால் வந்தனர், எத்தனை பேர், முதலில் எந்த வீட்டில் தீ மூட்டப்பட்டது, எவரெவர் பார்த்து நின்றனர் என ஒன்றொன்றாகச் சொன்னார். அவரது நினைவிலே விதிக்கு ஒரு வெண்பாவே இருந்தது; வழக்குக்கோ முழுச் சாட்சியமும் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் எவரும் தம்மிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்றும் அவர் கூறினார். கேட்டு எழுதுதலே இன்றைய ஆய்வாளரின் முதற்கடன் என நாம் கருதுகின்றோம்.